அநுராதபுரம் போன வழக்குகள்
யாழ்ப்பாணத்து நீதிமன்றங்கள்: வரலாற்றுத் தொடர் – 19

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் காலியானதையும், அடுத்த ஏப்ரலில் தென்மராட்சிக்குப் போயிருந்த சனம் செம்மணி வெளியைக் கடந்து ஊர் திரும்பியதையும் சென்ற பகுதியில் பார்த்தோம். திரும்பி வந்து, வளவு துப்புரவாக்கி, கிணறு இறைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பத் தொடங்கிய சில மாதங்களுக்குள்ளேயே குடாநாட்டில் ஆட்கள் காணாமற்போகத் தொடங்கினார்கள். சுற்றிவளைப்பில் பிடிபட்டவர்கள், காவலரணில் மறிக்கப்பட்டவர்கள், இரவில் வீட்டிலிருந்து கூட்டிச் செல்லப்பட்டவர்கள் என்று 1996ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 600 பேர் காணாமற்போனதாக சர்வதேச மன்னிப்புச் சபை அடுத்த ஆண்டில் கணக்கிட்டது. இவர்களின் உறவினருக்காக நீதிமன்றம் ஏறிய சட்டத்தரணிகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே எழும் முதற் கேள்வி, எத்தனை வழக்கில் வென்றார்கள் என்பது. அந்தக் கணக்கைப் போட்டால் இந்தப் பகுதியை அரைப் பக்கத்தில் முடித்துவிடலாம். ஆனால் முப்பது ஆண்டு வழக்குகளின் போக்கைத் தொடர்ந்து பார்க்கிறவருக்கு வேறொன்று புலப்படும். பெரும்பாலான வழக்குகளின் விதியைத் தீர்மானித்தது, அவை எந்த ஊரில் விசாரிக்கப்பட்டன என்பதே. குற்றம் நடந்த மண்ணிலிருந்து வழக்கைக் கிளப்பிக்கொண்டு போவது அரசுத் தரப்பின் பழக்கமாக இருந்தது. அதை உறவினரின் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தி வைப்பதே சட்டத்தரணியின் முதல் வேலையாக இருந்தது.

தூரம் என்பது இங்கே வெறும் மைல் கணக்கு அல்ல; அது சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரை ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கும் அதிகாரத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. அந்த நீதிமன்றம் இருப்பது கொழும்பில். அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றம் மட்டுமே கேட்கலாம், அதுவும் கொழும்பில். 126ஆம் உறுப்புரையின்படி அந்த மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 1996இல் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் அந்த ஒரு மாதத்தை எப்படிச் செலவழித்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் பக்கத்து முகாம், பிறகு அடுத்த முகாம், கிராம சேவகர், பிரதேச செயலகம், செஞ்சிலுவைச் சங்கம், மனித உரிமை அலுவலகம். ‘நாளைக்கு வாங்கோ’ என்ற பதிலிலேயே மாதம் கழிந்துவிடும். தரைப்பாதை அடைபட்டிருந்தது. கொழும்புக்குப் போவதானால் பலாலியிலிருந்து விமானம், அல்லது காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல். இரண்டுக்கும் படைத்தரப்பின் அனுமதி வேண்டும். மகனைக் கொண்டுபோனவர்களிடம், அவர்கள்மீது வழக்குப் போடப் போவதற்கு அனுமதி கேட்கும் நிலை அது. மனித உரிமைகள் ஆணைக்குழுவில் ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், அந்த விசாரணை நடக்கும் காலத்தை உயர் நீதிமன்றம் கழித்துப் பார்க்கும் என்ற சலுகையை 1996இல் வந்த 21ஆம் இலக்கச் சட்டம் தந்தது உண்மை. அதைத் தெரிந்து பயன்படுத்தியவர்கள் சிலரே.

கதவொன்று யாழ்ப்பாணத்திலேயே இருந்தது என்பதுதான் வேடிக்கை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் மாகாண சபைகளை உண்டாக்கியது என்று மட்டுமே நாம் படிக்கிறோம். அதே திருத்தத்தின் 154பீ உறுப்புரை, மாகாணத்துக்குள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டவர்கள் தொடர்பில் ஆட்கொணர்வு எழுத்தாணை வழங்கும் அதிகாரத்தை மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் தந்தது. அரசியல்வாதிகள் காணி அதிகாரம், பொலிஸ் அதிகாரம் என்று முப்பது ஆண்டுகளாக மேடையில் முழங்கிய திருத்தத்தில், ஏழைத் தாய் ஒருத்திக்கு நேரடியாகப் பயன்பட்ட பிரிவு இதுதான் என்பேன். பேருந்தில் போய், தவணைக்கு நின்று, அன்று மாலையே வீடு திரும்பக்கூடிய நீதிமன்றம் ஒன்றை அது கொடுத்தது. ஆனால் 1990க்குப் பிறகு புலிகளின் கட்டுப்பாட்டில் அரச நீதிமன்றங்கள் செயலிழந்திருந்த குடாநாட்டில் அந்தப் பிரிவு நெடுங்காலம் ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது.

இந்தப் பின்னணியில் 1996 செப்டெம்பர் 7ஆம் திகதி நடந்ததை வைத்துப் பார்க்க வேண்டும். சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசாமி, உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியல் வினாத்தாளை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் செம்மணிக் காவலரணில் மறிக்கப்பட்டார். தேடிப் போன தாய், தம்பி, அயலவர் ஒருவர் ஆகியோரும் திரும்பவில்லை. நான்கு உடல்களும் சில வாரங்களின் பின் அந்தப் பகுதியிலேயே தோண்டி எடுக்கப்பட்டன. வழக்கு கொழும்பில், ஜூரிகள் இல்லாமல் மூன்று நீதிபதிகள் கொண்ட ஆயத்தின் முன் நடந்து, 1998 ஜூலை 3ஆம் திகதி படையினருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனைக்கு முன் ஏதேனும் சொல்ல இருக்கிறதா என்று கேட்கப்பட்டபோது, முதன்மைக் குற்றவாளியான லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன என்றும், இடங்களைத் தன்னால் காட்ட முடியும் என்றும் சொன்னார். நீதிமன்றப் பதிவேட்டில் ஏறிய அந்தச் சொற்களை எந்த அரசாலும் இன்றுவரை அழிக்க முடியவில்லை.

என் வாதத்துக்கு முதல் மறுப்பு இங்கேயே எழும். கிருஷாந்தி வழக்கு நடந்தது கொழும்பில், தண்டனையும் கிடைத்தது, மேன்முறையீட்டிலும் 2004இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மிருசுவில் வழக்கையும் சேர்த்துச் சொல்லலாம். 2000 டிசெம்பரில் தங்கள் காணிகளைப் பார்க்கப் போன எட்டுப் பேர், ஐந்து வயதுப் பிள்ளை உட்பட, கொல்லப்பட்டு மலசலகூடக் குழியில் புதைக்கப்பட்டனர். காயத்தோடு தப்பிய ஒருவரின் சாட்சியம் அந்த வழக்கின் முதுகெலும்பாக இருந்தது. கொழும்பில் அமைந்த மூவர் ஆயம் 2015 ஜூன் 25இல் சார்ஜன்ட் ஒருவருக்கு மரண தண்டனை விதித்து, மற்ற நால்வரை விடுவித்தது. அப்படியானால் ஊர் என்ன தடை என்று கேட்பது நியாயமான கேள்வி.

பதில் சொல்வதற்கு அந்த இரு வழக்குகளும் வென்றதற்கான காரணத்தைப் பார்க்க வேண்டும். இரண்டிலும் உடல்கள் விரைவிலேயே அகப்பட்டன. இரண்டிலும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் கீழ்நிலைப் படையினர். இரண்டிலும் உலகத்தின் கண் இலங்கைமேல் இருந்ததால், வழக்கை நடத்தும் தேவை அரசுக்கே ஏற்பட்டது. ஜூரிகளும் இல்லை. இந்த நான்கில் ஒன்று தவறினாலும் என்ன ஆகும் என்பதற்கு வேறு வழக்குகள் உண்டு. கிழக்கில் 1992இல் நடந்த மயிலந்தனைப் படுகொலை வழக்கு மட்டக்களப்பிலிருந்து கிளம்பிக் கொழும்பு போய், 2002இல் ஜூரிகளின் தீர்ப்பின்படி எல்லோரும் விடுதலை. 1996இன் குமாரபுரம் வழக்கு அநுராதபுரம் போய், 2016 ஜூலையில் எல்லோரும் விடுதலை. மிருசுவிலில் கிடைத்த தண்டனையும் நிலைக்கவில்லை. உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் அதை உறுதி செய்தது; பதினொரு மாதங்களில், 2020 மார்ச் 26ஆம் திகதி, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பொதுமன்னிப்பு வழங்கிவிட்டார். உறவினருக்கு ஒரு வார்த்தை அறிவிக்காமல் கொடுக்கப்பட்ட அந்த மன்னிப்பை எதிர்த்து மறுபடி உயர் நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று. பதினைந்து ஆண்டு கொழும்புக்கு அலைந்து பெற்ற தீர்ப்பு ஒரு கையெழுத்தில் போயிற்று.

அதைவிட வலுவான சான்று கிருஷாந்தி வழக்கின் வயிற்றிலேயே பிறந்த மற்ற வழக்கு. சோமரத்ன ராஜபக்ச சொன்ன இடங்களைத் தோண்ட ஓராண்டு சென்றது. 1999 ஜூன் 16இல் அவரையே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து, வெளிநாட்டுத் தடயவியல் நிபுணர்களும் பார்த்திருக்க, நீதவானின் முன்னிலையில் அகழ்வு தொடங்கியது. செப்டெம்பருக்குள் 15 என்புத் தொகுதிகள் எடுக்கப்பட்டன. அவர் அடையாளம் காட்டிய முதல் இடத்திலேயே கிடைத்தவை, 1996இல் காணாமற்போன இருவருடையவை என இனங்காணப்பட்டன. யாழ்ப்பாணத்தில், யாழ்ப்பாண நீதவானின் கண்முன், உறவினர் வந்து உடுப்பையும் செருப்பையும் பார்த்து அழுத நாட்களில்தான் வழக்கு நகர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் படையினர் சிலர் கைதாகிப் பிணையில் போனார்கள். பாதுகாப்பு இல்லை என்ற காரணம் காட்டப்பட்டு வழக்கு குடாநாட்டை விட்டு வெளியே போனது. போன பிறகு அதில் ஒரு குற்றப்பத்திரிகையும் வரவில்லை. ஒரே குற்றவாளி, ஒரே மண், ஒரே ஆண்டு. ஆனால் அரசுக்குத் தேவைப்பட்ட வழக்கு கொழும்பில் முடிந்தது, தேவைப்படாத வழக்கு தெற்குப் பாதையில் எங்கோ தொலைந்தது.

நாவற்குழி வழக்கை இந்தத் தொடர் சற்று நின்று பார்க்க வேண்டும். இழப்பைச் சுமந்த குடும்பங்களுக்காக வாதாடும் தொழில் யாழ்ப்பாணத்தில் எப்படி இயங்கியது என்பதற்கு இதைவிட முழுமையான சான்று கிடையாது. 1996 ஜூலை 19ஆம் திகதி நாவற்குழிப் பகுதியில் சுற்றிவளைப்பு ஒன்றில் 24 இளைஞர்கள் இராணுவத்தால் பிடிக்கப்பட்டார்கள், யாரும் திரும்பவில்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை ஏற்பட்டு, ஏப்ரலில் ஏ9 பாதை திறந்த பிறகு மூச்சுவிட இடம் கிடைத்தது. சில குடும்பங்கள் யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்களைத் தாக்கல் செய்தன. 13ஆவது திருத்தம் திறந்த கதவில் கை வைத்த நாள் அது. ஆனால் பிரதிவாதியான முகாம் அதிகாரிக்கு யாழ்ப்பாணத்தில் பாதுகாப்பில்லை என்று சட்டமா அதிபர் தரப்பு சொல்ல, மனுக்கள் அநுராதபுரம் மேல் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. நாவற்குழியிலிருந்து அநுராதபுரத்துக்கு அன்று ஒரு நாள் பயணம்; வழியில் ஓமந்தை, முகமாலைச் சோதனைச் சாவடிகள்; போய்ச் சேரும் ஊரில் மொழி புரியாது. 2006 ஓகஸ்டில் ஏ9 மறுபடி மூடப்பட்டது. மனுதாரர் வர முடியாத ஊரில் மனுதாரர் வரவில்லை என்று வழக்குகள் அப்படியே அடங்கிப்போயின.

பாதுகாப்புக் காரணம் முழுக்கப் பொய் என்று சொல்வது நேர்மையாகாது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் குண்டுகள் வெடித்தன; மாநகர முதல்வர்களையே புலிகள் கொன்றார்கள். வழக்கொன்றில் சாட்சி சொல்ல வரும் இராணுவ அதிகாரி இலக்காகலாம் என்ற அச்சம் வீண் கற்பனையாகாது. இதை ஒத்துக்கொண்டுதான் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்: அந்தக் காரணம் போரோடு முடிந்ததா? 2011 டிசெம்பர் 9ஆம் திகதி, போர் முடிந்து இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு, காணாமற்போனோர் பிரச்சினையில் இயங்கிய லலித் வீரராஜ், குகன் முருகானந்தன் ஆகிய இருவர் யாழ்ப்பாணத்தில் ஆவரங்கால் பக்கமாகப் போன வழியில் காணாமற்போனார்கள். ஆட்கொணர்வு மனுவின் விசாரணை யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்துக்கு வந்தது. குடும்பங்களுக்காக முன்னின்றவர்களில் நுவான் போபகே போன்ற சிங்களச் சட்டத்தரணிகளும் உண்டு. ஊர் பற்றிய இந்த வாதத்தை இனம் பற்றிய வாதமாகப் படிக்க வேண்டாம் என்பதற்காகவே அதைச் சொல்கிறேன். முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்சவுக்கு 2019இல் அழைப்பாணை போனபோது, யாழ்ப்பாணம் வருவது தனக்குப் பாதுகாப்பில்லை என்று சொல்லி அவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார், அழைப்பாணை நிறுத்தப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு முன் போரை வென்றவர், வீதிக்கு வீதி முகாம் இருந்த நகரத்தில் பாதுகாப்பில்லை என்கிறார். தாய் மட்டும் ஒவ்வொரு தவணைக்கும் அந்த வீதியிலேயே வந்து போகிறார். பாதுகாப்பு என்ற காரணம் எந்தப் பக்கம் மட்டும் சாய்ந்தது என்பதை இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

2017 நவம்பரில் நாவற்குழி வழக்கு மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. மூன்று புதிய ஆட்கொணர்வு மனுக்கள் மேல் நீதிமன்றத்தில் தாக்கலாயின. மனுதாரருக்காக ஆஜரானவர்களில் ஒருவர் குமாரவடிவேல் குருபரன், அன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறைத் தலைவர். விசாரணையை நடத்தி அறிக்கை தரும் பொறுப்பு சாவகச்சேரி நீதவான் நீதிமன்றத்துக்குப் போனது. சம்பவம் நடந்த தென்மராட்சியின் நீதிமன்றம் அது. சட்டமா அதிபர் திணைக்களத்தின் ஆட்சேபம் இம்முறை ஊர் பற்றியல்ல, காலம் பற்றியது: 21 ஆண்டு தாமதம் என்றார்கள். தாமதத்தை உண்டாக்கியவர்களே தாமதத்தைக் காரணமாகக் காட்டுவது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒருவர் எங்கே என்று தெரியாதவரை குற்றம் நடந்துகொண்டே இருக்கிறது என்பதை 1988இலேயே, ஹொண்டூராஸ் மாணவர் ஒருவரின் வழக்கில், அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடைசியாக யாருடைய காவலில் காணப்பட்டாரோ அந்த அரசே பதில் சொல்ல வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். இன்னொரு முரணையும் இங்கே சொல்ல வேண்டும். காணாமலாக்கியவரைக் குற்றவாளியாக நிறுத்த வேண்டிய பொறுப்பு சட்டமா அதிபருக்கு. ஆட்கொணர்வு மனுவில் அதே அதிகாரியைக் காக்க நிற்பதும் சட்டமா அதிபர். உலகில் வேறு சில நாடுகளிலும் இந்த ஏற்பாடு உண்டு. ஆனால் தன் கட்சிக்காரரையே நாளை குற்றஞ்சாட்ட வேண்டி வருமென்று தெரிந்த சட்டத்தரணி எந்த ஊரில் எவ்வளவு முனைப்போடு உண்மையைத் தேடுவார் என்று யாரும் கேட்கலாம்.

பிறகு நடந்ததுதான் இந்தப் பகுதியின் மையம். இம்முறை வழக்கை அநுராதபுரம் அனுப்ப முடியவில்லை. போர் இல்லை, பாதை திறந்திருந்தது, சாவகச்சேரியில் விசாரணை ஓடிக்கொண்டிருந்தது. அதனால் வழக்குக்குப் பதில் சட்டத்தரணி இடம் பெயர்க்கப்பட்டார். பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் நீதிமன்றத்தில் தொழில் செய்ய எப்படி அனுமதிக்கப்படுகிறார் என்று இராணுவம் எழுப்பிய கேள்வி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாக யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 2019 நவம்பரில் பல்கலைக்கழகப் பேரவை, குருபரன் தனிப்பட்ட முறையில் சட்டத் தொழில் செய்யக்கூடாது என்று முடிவெடுத்தது. நாட்டின் மற்றப் பல்கலைக்கழகங்களில் சட்ட விரிவுரையாளர்கள் வழக்காடுவது புதிதல்ல. 2020 ஜூலையில் அவர் பதவி விலகினார். ஒரு ஆசிரியர் இரண்டு தொழில் செய்யலாமா என்பது நிருவாகப் பிரச்சினை. அதில் இரு பக்கமும் பேச இடமுண்டு என்று சிலர் அன்று வாதிட்டார்கள். பேசலாம். ஆனால் அந்தப் பிரச்சினையைக் கிளப்பியது கல்வி அமைச்சோ மாணவரோ அல்லர்; வழக்கில் பிரதிவாதியாக நின்ற நிறுவனம். அது ஒன்றே போதும்.

இடம்பெயர்த்ததோடு விட்டது நல்லகாலம் என்று சொல்லவேண்டிய வரலாறும் இந்தத் தொழிலுக்கு உண்டு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதான எத்தனையோ இளைஞருக்காக வழக்காடிய குமார் பொன்னம்பலம் 2000 ஜனவரி 5ஆம் திகதி வெள்ளவத்தையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாவகச்சேரிக்காரரான நடராஜா ரவிராஜ், யாழ்ப்பாண மாநகர முதல்வராயிருந்து நாடாளுமன்ற உறுப்பினரானவர், 2006 நவம்பர் 10இல் கொழும்பில் கொல்லப்பட்டார். அவரே இழப்புக்குள்ளான குடும்பங்களின் வரிசையில் தன் குடும்பத்தைச் சேர்த்துவிட்டுப் போனார், மனைவிக்காக எம். ஏ. சுமந்திரன் ஆஜரானார், சிங்களம் பேசும் ஜூரிகளின் முன் நடந்த வழக்கில் 2016 டிசெம்பர் 24 நள்ளிரவில் குற்றஞ்சாட்டப்பட்ட எல்லோரும் விடுதலையானார்கள். அரசுத் தரப்பு மட்டுமே சட்டத்தரணிகளைக் கொல்லவில்லை. நீலன் திருச்செல்வத்தை 1999 ஜூலை 29இல் கொழும்பு வீதியில் புலிகளின் தற்கொலைக் குண்டு கொன்றது. அதைவிட முக்கியம், புலிகளின் காவலில் காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு அன்று சட்டத்தரணியே கிடைக்கவில்லை என்பது. வழக்கை எந்த ஊரில் நடத்துவது என்ற கேள்வி எழ, வழக்கென்று ஒன்று இருக்க வேண்டும். 1990 முதல் 1995 வரை குடாநாட்டை ஆண்டவர்களிடம் ஆட்கொணர்வு மனு எடுத்துக்கொண்டு போக எந்தக் கதவும் இருக்கவில்லை. காணாமற்போனோர் பற்றிக் குடாநாட்டில் 2003இல் விசாரித்த மனித உரிமைகள் ஆணைக்குழுவின் குழு, தேவநேசன் நேசையா தலைமையில், இராணுவத்தின் பொறுப்பைப் பெரும்பான்மை முறைப்பாடுகளில் கண்டதோடு புலிகளின் பெயரையும் சில முறைப்பாடுகளில் எழுதியது. இந்தத் தொடர் அந்தக் குடும்பங்களையும் கணக்கில் வைத்தே எழுதப்படுகிறது.

இரண்டாவது மறுப்பு வீதியிலிருந்து வருவது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் முன்றலில் தொடங்கிய தாய்மாரின் தொடர் போராட்டத்தில் பலர் கேட்டது, இலங்கை நீதிமன்றத்தில் எதற்கு நிற்கிறீர்கள் என்பதே. நிற்கிறதால், நீதி நடக்கிறது என்று ஜெனீவாவில் காட்ட அரசுக்கு வாய்ப்பாகிறது என்பது அவர்களின் வாதம். அதை எளிதாகத் தள்ள முடியாது. அரசு அப்படிக் காட்டியும் இருக்கிறது. ஆனால் சிலியில் நடந்ததைப் பாருங்கள். பினோச்சே ஆட்சியில் கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத்தரணிகள், 1976இலிருந்து விக்காரியா தெ லா சொலிதாரிதாத் என்ற அமைப்பின் வழியாக, ஆயிரக்கணக்கான ஆட்கொணர்வு மனுக்களைத் தாக்கல் செய்தார்கள். ஏறக்குறைய எல்லாம் தள்ளுபடி. தள்ளுபடியான அந்தக் கோப்புகள்தான் பிறகு வந்த உண்மை ஆணைக்குழுவுக்கும் நீதிமன்றங்களுக்கும் அடிப்படையாக அமைந்தன. மனு ஒன்று தாக்கலாகும்போது, எங்கள் காவலில் அவர் இல்லை என்று இராணுவம் சத்தியக் கடதாசி கொடுத்தாக வேண்டும். அந்தக் கடதாசி கிடைத்துவிட்டால், பிறகு வரும் எந்த ஆதாரமும் அதற்கு எதிராக நிற்கும். இலங்கையிலும், தந்தை ஒருவர் திருகோணமலையில் 1990இல் பறிகொடுத்த இரண்டு மகன்மாருக்காகப் போட்ட மனுவில், உயர் நீதிமன்றம் 2005இல் அரசைப் பொறுப்பாக்கி 150,000 ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. தொகையைச் சிரிக்கலாம், அரசுதான் பொறுப்பு என்று உயர் நீதிமன்றமே எழுதிய வரியைச் சிரிக்க முடியாது.

இதற்கு இன்னும் நெருங்கிய சான்று வவுனியாவில் இருக்கிறது. மனித உரிமைகள் மற்றும் அபிவிருத்திக்கான நிலையத்தின் கே. எஸ். இரத்தினவேல் கொழும்பிலிருந்து இயங்கிய மூத்த சட்டத்தரணி. ஆனால் 2009 மே மாதம் வட்டுவாகலில் படையினரிடம் சரணடைந்தவர்களின் உறவினருக்காக 2013இல் அவர் மனுப் போட்டது வவுனியா மேல் நீதிமன்றத்தில். விசாரணை முல்லைத்தீவு நீதவான் முன். கொழும்பில் போட்டிருக்கலாம், போடவில்லை. சாட்சிகள் வட்டுவாகலைச் சுற்றி இருந்தார்கள். ஒன்பது ஆண்டு தவணைகளுக்குப் பிறகு, 2022 டிசெம்பரில், சரணடைந்தவர்களை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்று வவுனியா மேல் நீதிமன்றம் இராணுவத்துக்குக் கட்டளையிட்டது. ஆட்கள் வரவில்லை, வருவார்கள் என்று இரத்தினவேலும் நினைத்திருக்க மாட்டார். ஆனால் உறவினர் கண்ணால் கண்டதைச் சொன்ன சாட்சியம் உண்மையென்று, அவர்கள் நடந்து வரக்கூடிய நீதிமன்றம் ஒன்று ஏற்றுக்கொண்டது. அதே நிலையத்தில் பணியாற்றிய சட்டத்தரணி ரணிதா ஞானராஜாவுக்கு 2021இல் அமெரிக்க அரசின் சர்வதேச வீரப் பெண்கள் விருது கிடைத்ததும் இந்த வகை வேலைக்காகத்தான். விருதுப் படங்களில் தெரியாதது, ஒரு தவணைக்குப் போய், அடுத்த தவணை என்று கேட்டு, குடும்பத்தைப் பேருந்தேற்றி அனுப்பிவிட்டுத் திரும்பும் மாதங்களும் ஆண்டுகளும்.

2025 பெப்ரவரியில் செம்மணி மறுபடி திறந்தபோது இந்த வரலாறு முழுவதும் ஒரே இடத்தில் குவிந்தது. நல்லூர்ப் பிரதேச சபை சித்துப்பாத்தி இந்து மயானத்தில் தகன மேடைக்காக நிலத்தைக் கிண்டியபோது எலும்புகள் தெரிந்தன. இதைக் கண்டுபிடித்தது சட்டத்தரணிகளல்ல, கட்டட வேலை. அது தற்செயல் என்று சொன்னால் சரி. ஆனால் தற்செயலாகக் கிடைத்தவை மூடப்படாமல் போனதும், யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்தின் கட்டளையில் பேராசிரியர் ராஜ் சோமதேவவும் சட்ட வைத்திய அதிகாரி செல்லையா பிரணவனும் அகழ்வை நடத்தியதும், வி. எஸ். நிரஞ்சன், இரத்தினவேல் போன்றவர்கள் உறவினரின் சார்பில் குழியருகே நிற்க உரிமை பெற்றதும் தற்செயலல்ல. 1999இல் ஏற்பட்ட வடிவம் அது. அன்று 15 என்புத் தொகுதிகளோடு நின்றதை இன்று அதே ஊரின் நீதிமன்றம் தொடர்ந்தது. செப்டெம்பர் தொடக்கத்தில் எண்ணிக்கை 240ஐ எட்டியது. குழந்தைகளின் எலும்புகள், பள்ளிப் புத்தகப்பை, பொம்மை, வளையல்கள் வந்தன. ஓகஸ்ட் 5இல் அந்தப் பொருட்களை உறவினர் அடையாளம் காண மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். கொழும்பில் வைத்திருந்தால் எத்தனை தாய்மார் போய்ப் பார்த்திருப்பார்கள்?

இனி வரப்போகும் சண்டையும் இடத்தைப் பற்றியதே. எலும்புகளின் காலத்தைக் கணிக்கவும் மரபணு ஒப்பிடவும் தேவையான வசதி நாட்டில் போதாது. 2018இல் மன்னார்ச் சதொசப் புதைகுழியில் 300க்கு மேற்பட்ட எச்சங்கள் எடுக்கப்பட்டு, மாதிரிகள் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டபோது, 2019 மார்ச்சில் வந்த முடிவு அவை பல நூற்றாண்டு பழையவை என்றது. உறவினருக்கு அந்த முடிவின்மேல் நம்பிக்கை ஏற்படவில்லை. மாதிரி எது, எப்படித் தேர்ந்தார்கள், யார் கையில் போனது என்று அவர்கள் கேட்டதற்கு நிறைவான பதில் இல்லை. செம்மணியில் அதே தவறு நேராமல் பார்க்க வேண்டுமானால், மாதிரியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து பொதியை முத்திரையிட்டு விமானமேற்றுவது வரை ஒவ்வொரு கட்டத்திலும் உறவினரின் சட்டத்தரணி உடன் நிற்கவும், வருகிற அறிக்கை முதலில் யாழ்ப்பாண நீதவானின் மேசைக்கே வரவும் கட்டளை பெறவேண்டும். தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ச, சர்வதேச விசாரணை நடந்தால் சாட்சி சொல்லத் தயார் என்று 2025இல் சிறையிலிருந்து அறிவித்திருக்கிறார். அவரை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது என்பது இன்னும் முடிவாகவில்லை.

(அடுத்த பகுதியில்: துரையப்பா விளையாட்டரங்கப் புதைகுழி)